கடைப் பெயரில் விற்ற டிவியும் குடோனில் குவிந்த பழைய பிரிட்ஜும்

காவிரிக் கரை நகரம் ஒன்றில் வீட்டு உபயோகப் பொருள் கடை நடத்தும் 57 வயது வாசகர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் தெரியும்படியான விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பா ரேடியோ ரிப்பேர் கடையாக ஆரம்பித்தது, இன்று இரண்டு ஷோரூம், ஒரு குடோன். ஆண்டு விற்றுமுதல் 12 கோடி ரூபாய்க்குச் சற்று மேல். ஆடிக்கும் தீபாவளிக்கும் எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் போடுகிறார். அப்படி வந்து சேரும் பழைய பிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவிகளில் தேறக்கூடியதைக் கடை மெக்கானிக் சரிசெய்து, செகண்ட் ஹேண்டாக விற்றுவிடுகிறார்கள். தேறாததை ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை பழைய இரும்புக் கடைக்காரர் லாட்டாக எடுத்துப்போகிறார். குழாய் வைத்த பழைய டிவிகளை மட்டும் அவரும் தொடுவதில்லை. அவை குடோன் மூலையில் அடுக்கிக் கிடக்கின்றன. இதற்கு நடுவே, 2022 தீபாவளியிலிருந்து, டெல்லிப் பக்கம் ஒரு நிறுவனம் அசெம்பிள் செய்து தரும் 32 அங்குல எல்இடி டிவியைத் தன் கடைப் பெயரைப் போட்டு விற்கிறார். ஆண்டுக்கு ஏறக்குறைய 600 போகிறதாம்.

இப்போது சிக்கல். ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்து, “எலக்ட்ரானிக் கழிவு டீலர் லைசென்ஸ் இல்லாமல் கடை நடத்தினால் சீல் வைத்துவிடுவார்கள், 40,000 ரூபாய் கொடுத்தால் நானே வாங்கித் தருகிறேன்” என்றிருக்கிறார். அதே வாரம் ஒரு வாடிக்கையாளர், “பழைய பிரிட்ஜை இலவசமாக எடுத்துக்கொள்வது கடைக்காரரின் சட்டக் கடமை” என்று கடையிலேயே சத்தம் போட்டிருக்கிறார். எக்ஸ்சேஞ்சையே நிறுத்திவிடலாம் என்கிறார் மகன். “வக்கீல் மேடம், நான் வெறும் வியாபாரி. பொருளைச் செய்தது கம்பெனி, வாங்கிப் பயன்படுத்தியது வாடிக்கையாளர். நடுவில் இருக்கிற என் தலையில் ஏன் விடிகிறது? என்னிடம் உத்யம் சான்றிதழும் இருக்கிறது, சிறு தொழிலுக்கு விலக்கு உண்டு என்று ஆடிட்டர் சொல்கிறார்” என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த ஏஜென்டுக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். அவர் சொல்லும் லைசென்ஸ் என்று ஒன்று இல்லை. இப்போது நடைமுறையில் இருப்பது மின்னணுக் கழிவு (மேலாண்மை) விதிகள், 2022. அது 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்யவேண்டியவர்கள் நான்கே வகை: பொருளைத் தயாரிக்கும் ஆலை, தன் பிராண்டில் சந்தைக்குக் கொண்டுவருபவர் (விதி ‘உற்பத்தியாளர்’ என்பது இவரைத்தான்), பழையதைப் புதுப்பித்து விற்பவர், மறுசுழற்சி செய்பவர். அதில் டீலர் என்ற வகை கிடையாது. மற்ற கம்பெனிகளின் சரக்கை வாங்கி விற்பதோடு நின்றிருந்தால், இந்த விதிகளின்படி நீங்கள் எங்கும் போய்ப் பதிவு செய்யவேண்டியதில்லை.

ஏஜென்ட் சொன்னது முழுக்க ஆகாயத்திலிருந்து வந்ததுமில்லை. 2016-ஆம் ஆண்டு விதிகளில் டீலருக்கென்று தனிப் பொறுப்புகள் இருந்தன. கம்பெனி சேகரிக்கும் வேலையை உங்களிடம் ஒப்படைத்திருந்தால், கடையில் ஒரு பெட்டியோ தனி இடமோ வைத்துப் பழையதை வாங்கி, கம்பெனி காட்டும் இடத்துக்கு அனுப்பவேண்டும். கம்பெனி முன்பணம் திருப்பும் திட்டம் வைத்திருந்தால் அந்தப் பணத்தை வாடிக்கையாளர் கையில் கொடுக்கவேண்டும். 2022 விதிகளில் அந்தப் பகுதியையே எடுத்துவிட்டார்கள்.

ஆக, நீங்கள் பயப்படும் இடத்தில் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் நீங்கள் பெருமையாக இரண்டு வரியில் எழுதிக் கடந்துபோன ஒன்றில் இருக்கிறது.

கடைப் பெயர் போட்ட டிவி

“பொருளைச் செய்தது கம்பெனி” என்கிறீர்கள். அந்த 600 டிவியைப் பொறுத்தவரை, சட்டத்தின் கண்ணில் கம்பெனி நீங்கள்தான். வேறொருவர் அசெம்பிள் செய்து கொடுத்ததைத் தன் சொந்த பிராண்டில் விற்பவரும் உற்பத்தியாளரே என்று விதி தெளிவாகச் சொல்கிறது. கடையில் விற்றாலும் ஆன்லைனில் விற்றாலும் வித்தியாசமில்லை. டெல்லிக்காரர் தன் பங்குக்குப் பதிவு செய்து வைத்திருக்கலாம். அது அவருடைய ஆலைக்கான பதிவு. பெட்டியின் மேல் யார் பெயர் இருக்கிறதோ அவருடைய கடமை அதனால் தீர்வதில்லை. இதே ஏற்பாட்டில் மிக்ஸி, ஃபேன், ஸ்பீக்கர் என்று விற்கும் கடைக்காரர்களும் இதைக் கவனிக்கவேண்டும். 2016 விதிகளில் 21 பொருள்கள்தான் பட்டியலில் இருந்தன. இப்போது 106.

உற்பத்தியாளர் என்றால் என்ன செய்யவேண்டும்? பதிவு, ஆண்டுக் கணக்கு, அப்புறம் இலக்கு. விற்ற பொருள் அதன் சராசரி ஆயுளை முடிக்கும் ஆண்டில் அதில் ஒரு பங்கு மறுசுழற்சி ஆகியிருக்கவேண்டும். 2023-24, 2024-25 ஆண்டுகளுக்கு 60 சதவீதம், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 70, அதற்குப் பிறகு 80. விற்பனை தொடங்கிப் பொருளின் ஆயுட்காலம் அளவுக்குக்கூட ஆகாதவர்களுக்கு வேறு கணக்கு. 2025-26 முதல், இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய விற்பனையில் 20 சதவீதம். நீங்கள் இந்த வகையில் வருவீர்கள்.

இதற்காக நீங்கள் பட்டறை வைக்கவேண்டாம், வீடு வீடாகப் போய்ப் பழைய டிவி பொறுக்கவும் வேண்டாம். பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனம் வேலையை முடித்து இணையதளத்தில் ஏற்றினால் அதன் பெயரில் சான்றிதழ் உருவாகும். அதை உங்கள் இலக்கு அளவுக்கு விலைகொடுத்து வாங்கவேண்டும், அவ்வளவுதான். ஒரு டிவி 5 கிலோ என்று வைத்தால் 600 டிவி 3,000 கிலோ. அதில் 20 சதவீதம் 600 கிலோ. இப்படிப்பட்ட பொருள்களுக்குக் கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாய் என்று அரசு தரை விலை வைத்தது. அதை எதிர்த்துப் பெரிய கம்பெனிகள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன, அதனால் தொகை மாறலாம். அந்த விலையில் பார்த்தால் ஆண்டுக்கு 13,200 ரூபாய். ஏஜென்ட் கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு! பதிவுக் கட்டணமும் ஆடிட்டர் செலவும் தனி. இலக்குப் பத்து மடங்கு ஆனாலும் கடையை மூடும் தொகை இல்லை. பதிவே செய்யாமல் விட்டால்தான் கஷ்டம். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கு முன்பு சிறைத் தண்டனை இருந்தது. 2024 ஏப்ரல் முதல் அதை எடுத்துவிட்டு, 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று ஆக்கியிருக்கிறார்கள். அது போக, பதிவு செய்யாத உற்பத்தியாளர் மீது சுற்றுச்சூழல் இழப்பீடும் விதிக்கலாம்.

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான உத்யம் பதிவுச் சான்றிதழ் பற்றி உங்கள் ஆடிட்டர் சொன்னது பாதி சரி. இந்த விதிகளிலிருந்து விலக்கு இருப்பது ‘குறு’ நிறுவனத்துக்கு மட்டும். சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு இல்லை. 2025 ஏப்ரலில் வரம்பை உயர்த்திய பிறகும் குறு நிறுவனம் என்றால் விற்றுமுதல் 10 கோடியைத் தாண்டக்கூடாது. நீங்கள் தாண்டிவிட்டீர்கள். அதோடு, 2021-இல் சில்லறை வியாபாரிகளையும் உத்யம் பதிவில் சேர்த்தபோதே, வங்கிக் கடனில் முன்னுரிமை பெறுவதற்கு மட்டும்தான் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். அந்தச் சான்றிதழை எல்லா இடத்திலும் கேடயமாக நீட்டமுடியாது.

உங்கள் முன் இரண்டு வழி. ஒன்று, உற்பத்தியாளராகப் பதிவு செய்துகொண்டு பிராண்டைத் தொடர்வது. அப்படியானால் ஈயம், பாதரசம், காட்மியம் போன்றவை விதி சொல்லும் அளவைத் தாண்டவில்லை என்பதற்கான ஆவணத்தை டெல்லிக்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பில் (பிஐஎஸ்) அவர் செய்திருக்கும் பதிவில் உங்கள் பிராண்ட் பெயர் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டாவது, இனிமேல் அவருடைய பிராண்டிலேயே வாங்கி, வெறும் டீலராக விற்பது. ஒரு டிவிக்கு உங்களுக்கு நிற்கும் கூடுதல் லாபம் சில நூறு ரூபாய்தான் என்றால் இரண்டாவது வழி நிம்மதி. ஆனால் அது வருங்காலத்தைத்தான் சரிசெய்யும். இதுவரை உங்கள் பெயரில் விற்றது விற்றதுதான். 2016 விதிகளின்படியே அதற்கு அனுமதி வாங்கியிருக்கவேண்டும். ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் பழைய விற்பனைக் கணக்கோடு நீங்களே முன்வந்து பதிவுக்கு விண்ணப்பியுங்கள். ஸ்டிக்கரைக் கிழிப்பது, பில்லில் பிராண்டை மாற்றுவது, தேதியை முன்னே தள்ளுவது எதுவும் வேண்டாம். உங்கள் கொள்முதல் பில் டெல்லிக்காரரின் ஜிஎஸ்டி கணக்கிலும் இருக்கிறது. இலக்கு பாக்கிக்கு இழப்பீடு கட்டச் சொன்னாலும், முதல் ஆண்டுக்குள் இலக்கை முடித்தால் அதில் 85 சதவீதமும், இரண்டாம் ஆண்டில் 60-ம், மூன்றாம் ஆண்டில் 30-ம் திரும்பக் கிடைக்க விதியில் இடமிருக்கிறது.

மெக்கானிக் சரிசெய்து விற்பது

வாடிக்கையாளர் கொண்டுவரும் மெஷினை ரிப்பேர் செய்து அவரிடமே திருப்பிக் கொடுப்பது சர்வீஸ். அதைச் சொல்லவில்லை. எக்ஸ்சேஞ்சில் வந்ததைச் சரிசெய்து, அதன் ஆயுளை நீட்டி, வேறொருவருக்கு விற்கிறீர்கள். விதி இதைத்தான் புதுப்பிப்பவர் என்று தனி வகையாக வைத்திருக்கிறது. உற்பத்தியாளர் பதிவு ஒன்று, இது ஒன்று, இரண்டையும் தனித்தனியே செய்யவேண்டும். ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து மெஷின்தான் இப்படிப் போகிறது என்றால், பதிவு பெற்ற ஒரு புதுப்பிப்பு நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுத்துவிடுவது எளிது. நிறையப் போகிறது என்றால் பதிவு செய்துகொள்ளுங்கள். பழைய மெஷின் இன்னும் ஐந்து வருடம் ஓடுவதைவிட நல்ல மறுசுழற்சி இல்லை. அந்த மெக்கானிக்கை நிறுத்திவிடாதீர்கள்.

குடோன்

எக்ஸ்சேஞ்ச் எடுத்தே ஆகவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. எடுத்துவிட்டால் அது உங்கள் சரக்கு, எங்கே போகிறது என்பதும் உங்கள் பொறுப்பு. பழைய இரும்புக் கடைக்காரர் ஒரு பிரிட்ஜுக்கு 1,100 ரூபாய் தருகிறார், விசாரித்துப் பார்த்ததில் பதிவு பெற்ற நிறுவனம் 700 தான் சொல்கிறது என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். அந்த 400 ரூபாய் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அவருக்கு வேண்டியது கம்ப்ரசரில் இருக்கும் செம்பும் இரும்பும். குழாயை வெட்டினால் கேஸ் காற்றில் போய்விடும். சுவரில் இருக்கும் ஃபோம் எங்காவது குப்பையில் விழும் அல்லது எரியும். புதிய பிரிட்ஜ் பலவற்றில் இருக்கும் ஐசோபியூட்டேன் தீப்பற்றக்கூடியது, வெட்டுகிற பையனுக்கே ஆபத்து. குழாய் டிவியை அவர் தொடாததற்கும் காரணம் இதுதான். அதில் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, விற்றுக் காசாக்க ஒன்றுமில்லை. பதிவு பெற்ற நிறுவனம் இவற்றுக்கெல்லாம் செலவு செய்தாகவேண்டும், அதனால் உங்களுக்குக் குறைவாகத் தருகிறது.

சட்டத்துக்கு வருவோம். விதியை மீறுபவர் மட்டுமல்ல, மீறலுக்குத் துணைபோகிறவரும் சுற்றுச்சூழல் இழப்பீட்டுக்கு ஆளாகலாம். பதிவில்லாமல் உடைத்துப் பிரிப்பவர் என்று தெரிந்தே லாட் கொடுப்பது துணைபோவதுதான் என்று அதிகாரி வாதிட்டால் எதிர்வாதம் செய்வது கடினம். இன்னொன்றும் உண்டு. நீங்கள் உற்பத்தியாளராகப் பதிவு செய்தவுடன், பதிவில்லாத மறுசுழற்சிக்காரர், புதுப்பிப்பவர் யாரோடும் வியாபாரம் வைக்கக்கூடாது என்ற தடை உங்கள் மேல் நேரடியாக வந்துவிடும். ஒரு பக்கம் பதிவு, இன்னொரு பக்கம் அதே பழைய லாட் வியாபாரம் என்று இரண்டையும் ஓட்டமுடியாது.

இருபது வருடமாக வரும் அந்த இரும்புக் கடைக்காரரைச் சட்டென்று வெட்டிவிட உங்களுக்கு மனசில்லை என்பதும் கடிதத்தில் தெரிகிறது. வெட்டவேண்டாம். ஏற்றி இறக்குவது, வண்டி ஓட்டுவது அவருக்குக் கைவந்த வேலை. உங்கள் சீட்டோடு, பிரிக்காமல், பதிவு பெற்ற நிறுவனத்தின் வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்க்கக் கூலி பேசுங்கள். நம் ஊரில் மின்னணுக் கழிவின் பெரும்பகுதி இப்படிப்பட்டவர்கள் கை வழியாகத்தான் போகிறது. அவர்களை ஒதுக்கிவிட்டு எந்த விதியும் ஓடாது என்பது என் கருத்து.

பதிவுள்ள நிறுவனங்களின் பட்டியல் மத்திய வாரியத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. நேரில் கேட்கவேண்டுமானால் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்குப் போங்கள். பெயர் இருந்தால் மட்டும் போதாது. பதிவு காலாவதி ஆகவில்லையா, பிரிட்ஜும் டிவியும் எடுக்க அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள். பதிவு செய்தவர்கள் கழிவைச் சேமித்துவைக்க 180 நாள்தான் அவகாசம். உங்கள் ஆறேழு மாதக் கணக்கை நான்கு மாதமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டுப் போட்டு, தேதி, பொருள், பிராண்ட், எடை, எந்த பில்லில் வந்தது, எங்கே போனது என்று எழுதுங்கள். குழாய் டிவிகளைத் தனியாக அடைத்துக் கொடுங்கள், அதற்கு அவர்கள் காசு கேட்டாலும் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சத்தம் போட்ட வாடிக்கையாளர்

அவர் சொன்னது இங்கே சட்டமில்லை, ஆனால் வேறு நாடுகளில் சட்டம். ஜப்பானில் 2001 முதல் ஏசி, டிவி, பிரிட்ஜ், வாஷிங் மெஷினை விற்ற கடை பழையதைத் திரும்ப எடுக்கவேண்டும். மறுசுழற்சிக் கட்டணத்தை வாடிக்கையாளரே கட்டுகிறார், இலவசம் இல்லை. ஜெர்மனியில் மின்சாதனப் பகுதி 400 சதுர மீட்டருக்குக் குறையாத கடை, புதியது வாங்கும்போது அதே வகைப் பழையதை எடுத்துக்கொள்ளவேண்டும். 25 சென்டிமீட்டருக்குள் அடங்கும் சிறு பொருளை எதுவும் வாங்காமலே கொண்டுபோய்க் கொடுக்கலாம். 2022 ஜூலையிலிருந்து மின்சாதனமும் விற்கும் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளுக்கும் இது பொருந்தும்.

அவ்வளவு தூரம் போகவேண்டாம். உங்கள் கடையிலேயே இன்வெர்ட்டர் பேட்டரி விற்பீர்கள்தானே? பழைய பேட்டரியைக் கொடுக்காமல் யாராவது புதியது வாங்குகிறார்களா? ஈயத்துக்கு விலை இருப்பது ஒரு காரணம். 2001-ஆம் ஆண்டு பேட்டரி விதிகள், பழையதைத் திரும்ப எடுத்துத் தகுந்த தள்ளுபடி கொடுக்கும் கடமையை டீலர் மேல் வைத்தது இன்னொரு காரணம். வாடிக்கையாளர் நேரில் பார்ப்பது கடையைத்தான். அவர் கம்பெனியையும் பார்க்கப்போவதில்லை, சான்றிதழ் சந்தையையும் பார்க்கப்போவதில்லை. அப்படியிருக்க 2022 விதிகள் கணக்கையும் சான்றிதழையும் இறுக்கிவிட்டுக் கடையை வெளியே விட்டது சரியில்லை என்றே நினைக்கிறேன். கடைக்காரர் மேல் சுமையை மட்டும் ஏற்றச் சொல்லவில்லை. எடுத்துக் கொடுக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் கம்பெனியின் பணத்தில் ஒரு பங்கு கடைக்கும் வரவேண்டும். உங்கள் வணிகர் சங்கத்தில் இதைப் பேசுங்கள். இப்போதைக்கு, நீங்கள் விற்கும் பெரிய பிராண்டுகளின் ஏரியா மேனேஜரிடம், “உங்கள் பழைய பொருளை எங்கள் கடையிலிருந்து எடுக்க என்ன ஏற்பாடு?” என்று மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் “பார்க்கலாம் சார்” என்று போய்விடுவார்கள்.

மகனிடம் சொல்லுங்கள், எக்ஸ்சேஞ்சை நிறுத்தவேண்டியதில்லை. அவர் கவனிக்கவேண்டியது பில். “எக்ஸ்சேஞ்ச் கழித்த தொகைக்குத்தான் ஜிஎஸ்டி போடுகிறோம்” என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். மத்திய ஜிஎஸ்டி விதிகளில் 27-ஆம் விதியின் உதாரணமே உங்கள் கடைக் கதைதான். பழைய போனை வாங்கிக்கொண்டு புதிய போனை 20,000 ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள், எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் அதன் விலை 24,000. வரி போடவேண்டிய மதிப்பு 24,000 என்கிறது விதி. இரண்டு தீபாவளி ஆஃபர் பில்களை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஆடிட்டரிடம் உட்காருங்கள். டிவி பதிவுக்கான விண்ணப்பத்தை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.